அஞ்சலைப் பெரியம்மாவின் பக்கத்துச் சுவர்

மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும் "பிளீச்சிங் பவுடர்" நெடி எங்கே அடித்தாலும், புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தின் பலகைச் சுவரும், யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்த ஒரு தம்ளர் காப்பியும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. உடனே முகம் சூடாகிவிடும். இத்தனை வயதிலும் அந்த வெட்கம் போகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் முன்புறம் ஒரே நீளப் பலகைச் சுவர். அடைமழை ஓய்ந்தால் சுவர் முழுக்கக் கரும்பூசணம் படர்ந்து, சாய்ந்து நின்றவர் முதுகில் கரி பூசியதுபோல ஒட்டிக்கொள்ளும். "ஊத்தச் சுவரு" என்று திட்டியபடியே அதோடு வாழப் பழகியிருந்தோம். அக்கா செல்வியைப் பெண் பார்க்க சுங்கை பெசாரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கு அந்தச் சுவர் பொறுக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த தன் கூட்டாளியிடம் சொல்லி அப்பா ஒரு பால் டின் நிறையப் பவுடர் வாங்கி வந்தார். "கூடப் போட்டா கூட வெளுக்கும்" என்பது அம்மாவின் கணக்கு. அக்கா காலையில் ரப்பர் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துவிட்டு வந்து, வாளியில் கெட்டியாகக் கரைத்த அந்தத் தண்ணீரைத் தேங்காய் நாரில் தொட்டு, நான்கைந்து மாலைகள் வெறுங்கையால் தேய்த்தாள்.

"சுவர வச்சித்தான் சித்திரம்னு சொல்வாங்க. உங்கம்மா சித்திரத்த விட்டுட்டா, சுவர மட்டும் புடிச்சிக்கிட்டா" என்று அப்பா கேலி செய்தார். அக்காவின் விரல்கள் சிவந்து தோலுரிந்ததை அம்மாவும் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்றாள்.

எங்கள் தூணிலிருந்து அடுத்த தூண் வரைதான் தேய்த்தோம். அதற்கப்பால் அஞ்சலைப் பெரியம்மாவின் பக்கம். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தவர் அவர்.

"ஏம்மா, உம் பக்கம் மட்டும் வெளுத்தா எம் பக்கம் இன்னும் கருப்பாத்தானே தெரியும்? ரெண்டு கை இங்கயும் தேச்சி விடச் சொல்லு லா" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அவங்க பாக்க வர்றது எம் பொண்ண, அக்கா, உங்க சுவர இல்ல" என்றாள் அம்மா. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் எங்கள் வீடு பளிச்சென்று தெரிந்ததில் எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். தோட்டங்களில் அந்தப் பவுடரை அள்ளித் தெளிப்பது காய்ச்சலோ கழிச்சலோ கண்ட வீட்டு வாசலில்தான். அந்த நெடி அடித்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார்கள். எங்களுக்கோ நாளெல்லாம் முகர்ந்து மூக்கே மரத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருக்கு என்னா நோவு?" என்று கேட்டார். உங்களுக்காகத்தான் சுவர் கழுவினோம் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அதுவரை ஊத்தை வீட்டில் இருந்தோம் என்றாகிவிடுமே. "ஒன்னும் இல்லைங்க, உள்ள வாங்க" என்று மழுப்பினாள். அவர்கள் அரை மனதோடு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா காப்பி கொண்டுவந்து நீட்டியபோது, அந்த அம்மாவின் கண் நேராக உரிந்த விரல்களில் விழுந்தது. தம்ளரை வாங்கி, வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டார். கிளம்புவதற்கு அவர்கள் எழுந்தும்விட்டார்கள்.

அப்போதுதான் அஞ்சலைப் பெரியம்மா தன் வாசலிலிருந்து கூப்பிட்டார். "தாயி, செத்த இங்க வந்து பாத்துட்டுப் போங்க."

எல்லோரும் பார்க்கத் தன் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து, கரியான கையை நீட்டினார். "அந்த வீட்டுச் சுவரும் இப்படித்தான் இருந்திச்சி. நீங்க வர்றீங்கன்னு அந்தப் புள்ள வெறுங்கையால தேச்சிது. அந்தக் கையில இருக்கிறது நோவு இல்ல, மருந்துத் தண்ணி தின்ன தோலு. எஞ்சுவர யாரும் தேய்க்கல, அதான் சாட்சிக்கு நிக்குது."

மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்காவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

கல்யாணம் நிச்சயமானது. அன்று சாயங்காலம் அம்மா மிச்சப் பவுடரையும் வாளியையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனாள்; நானும் நாரோடு பின்னால் போனேன். பெரியம்மா கோபப்படவே இல்லை. "வேணாம்மா. என் வீட்டுக்குப் பொண்ணு பாக்க யாரு வரப்போறா?" என்றார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இன்று அந்த லயம் இல்லை. அது நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. அஞ்சலைப் பெரியம்மாவும் இல்லை. நான் குடியிருப்பது தாமான் என்கிற புதுக் குடியிருப்பில், கல்வீட்டில். அங்கும் மழை ஓய்ந்தால் வெளிச்சுவரில் பூசணம் படர்கிறது. போன வாரம் என் மகளைப் பார்க்க வருகிறார்கள் என்று, எலுமிச்சை வாசம் கலந்த புட்டி மருந்தை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தேன். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர்தான். என் எல்லை வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. அதற்கப்பால் கறுப்பாகவே இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.