"பதறாதீங்க" என்று சொன்ன அனைவருக்கும் நன்றி

கண்டியில் இன்று அலுவலகங்களுக்கிடையிலான டார்ட்ஸ் இறுதிப்போட்டி. கடைசி அம்பு பலகையின் நடுவில் பட்டால் கோப்பை எனக்கு. கை லேசாகத்தான் நடுங்கியது.

தைரியம் கொடுக்க எங்கள் கிளையே லீவு போட்டு வந்து பின்னால் நின்றது.

"பதறாதீங்க சார்!" என்று கத்தினார் கணக்குப் பிரிவு ராஜேஸ்வரி.

"மூச்ச இழுத்துப் புடிங்க!" என்றார் மெனேஜர். பிடித்தேன். விடச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை.

அம்பு மிகத் துல்லியமாகச் சுவரில் குத்தியது.

என்னை வென்ற குண்டசாலை அலுவலக அக்காவிடம், "உங்களுக்குப் பதட்டமே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? இன்னும் கை நடுங்குது பாருங்க. எங்க ஆபீஸ்ல போட்டி நாளைக்குன்னு சொல்லிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

ஆறுதல் சொல்ல விரும்பும் நண்பர்கள் கமெண்டில் சொல்லலாம். பின்னால் வந்து நின்று மட்டும் சொல்லாதீர்கள்.