இரண்டு தட்டு

எங்கள் அண்ணை தென்மராட்சியின் வயலோரக் கிராமமொன்றில், பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா வேளைக்கே காலமானதால், படிப்பை விட்டுச் சாவகச்சேரி வழியாக ஓடும் பஸ்ஸில் நடத்துநரானார். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பஸ் நிற்கும். இரண்டு தட்டினால் புறப்படும். அந்தக் கைதான் எங்களை வளர்த்தது. திருமணம் செய்யவில்லை. பொறுமை என்பதே அவரிடம் இருந்ததில்லை. படியில் தொங்குபவர்களிடம் சீறி விழுவார்.

அப்படிப்பட்டவர்தான் என் மகளுக்காகக் கழிப்பறை வாசலில் மாதக்கணக்காக நின்றார். மகளுக்கு ஓட்டிசம், கதைக்கமாட்டாள். ஒருமுறை மலம் இறுகி நொந்ததிலிருந்து அடக்கப் பழகிவிட்டாள். அடக்க அடக்க இன்னும் இறுகியது. நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மருத்துவர் மலத்தை இளக்க மருந்து தந்தார். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின், காலுக்குப் பலகை வைத்து ஐந்து நிமிடம் இருத்துங்கள், ஏசாதீர்கள் என்றார்.

அதை அவளுக்கு எப்படி விளக்குவது? அண்ணைக்குத் தெரிந்தது ஒரு வழிதான். வெளியில் நின்று தகரக் கதவில் ஒரு தட்டுத் தட்டுவார்; அவள் இருப்பாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு தட்டு, எழும்பி வருவாள். ஒன்றும் போகாத நாட்களில் நான் முகத்தைச் சுளித்தால், “அவளுக்கு நேரம் வரும். நாங்கள் நிப்பம்,” என்பார். நேரம் வந்தது.

போன வருடம் மாரடைப்பு அண்ணையை ஒரே பொழுதில் கொண்டுபோனது. மகள் மறுபடி அடக்கத் தொடங்கினாள். நான் கதவில் தட்டினால் என் கையைத் தள்ளிவிட்டாள். வயிறு கல்லாகியது; சாப்பாட்டையும் ஒதுக்கினாள். எட்டாம் நாள் அண்ணைக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தோம்.

எட்டுச் செலவன்று காலை, வழக்கமான நேரத்துக்கு மகள் தானாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நானும் அயல்வீட்டு மச்சாளும் அரிசிக் கடகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி முற்றத்தில் நின்றோம். கதவில் ஒரு தட்டுக் கேட்டது. தகரம் அதிர்ந்ததைக் கண்ணால் கண்டோம். கதவடியில் யாரும் இல்லை.

“ஆரடி தட்டினது?” என்றார் மச்சாள்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு தட்டு. மகள் வயிறு இளகி, முகம் தெளிந்து வெளியே வந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் கேட்டது. எனக்குப் பயம்தான். ஆனாலும் நிறுத்துவதற்கு ஒன்றும் செய்யவில்லை. கதவை மாற்றுவோம் என்று கணவர் சொன்னபோதும் விடவில்லை.

அண்ணையின் பாடையைத் தோளில் சுமந்த பஸ்காரருக்கும், எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், மகளை ஒருபோதும் ஏசாத மருத்துவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணையின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் வாரம், ஒருநாள் காலை வெளியில் தட்டுக் கேட்கவில்லை. மகள் தானாகவே போய் இருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளேயிருந்து இரண்டு தட்டு. அது அவளுடைய சின்னக் கை. வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. யாரோ போவதைப் பார்ப்பதுபோல் வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.