பதினேழாவது பொன்னாடை

தூத்துக்குடியிலிருந்து பழந்தமிழ் இலக்கியம் படிக்கக் கோலாலம்பூருக்கு வந்தவன் யுகேந்திரன். ஊரில் இடம் கிடைக்கவில்லை, இங்கே கேட்டதும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். "மீன் வாங்க மதுரைக்குப் போற மாதிரில்லா இருக்கு" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. காலையில் கீழே கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, அப்புறம் ரயில், வகுப்பு, நூலகம். ஒரு பாட்டுக்கு நாலு உரையைப் புரட்டித் தலையைச் சொறிந்துவிட்டு, சாயங்காலம் குக்கரில் சோறு, ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு. வாசனை கிளம்பியதும் பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்துவார். ஆறு மாதம் இப்படி ஒழுங்காகத்தான் போனது.

கெடுத்தவர் பக்கத்து ஊரான கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கும் ராதாகிருஷ்ணன். அவர் ஒரு தமிழ் மன்றத்துக்குத் தலைவர். மன்ற வேலை போக மிச்ச நேரத்தில் டயர் விற்கிறார். தமிழ்நாட்டுக்காரன், அதுவும் பழைய இலக்கியம் என்று கேள்விப்பட்டதும் காரோடு வந்துவிட்டார்.

"ஒம்பது மணிக்குப் பேசு தம்பி, பத்துக்கெல்லாம் கொண்டாந்து விட்டுறேன்."

சட்டமன்ற உறுப்பினர், இங்கத்து வழக்கில் 'ஒய்பி', வராமல் விழா தொடங்காது. அவரோ பதினொன்றரைக்கு முன்னால் எந்த விழாவுக்கும் வந்ததில்லை. வகுப்பு போயிற்று.

யுகேந்திரன் மேலேயும் தப்பு உண்டு. 'தமிழகத்து இளம் அறிஞர்' என்று கூப்பிட்டுத் தோளில் பொன்னாடை போர்த்தினால், ஊர்க் கல்லூரியில் இரண்டு பாடத்தில் கோட்டைவிட்டதெல்லாம் அவனுக்கு மறந்துபோகும். பத்து நிமிடம் கொடுத்தால் நாற்பது பேசுவான். பள்ளிக்கூட மொழி விழா, ஆசிரியர் தினம் என்று பதினாறு பொன்னாடை சேர்ந்தது. ஒன்று ஜன்னலுக்குத் திரை, ஒன்று மெத்தை விரிப்பு, ஒன்று குக்கருக்குப் போர்வை.

அப்புறம் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. வருகை நூற்றுக்கு எண்பது வேண்டும், இவனுக்கு ஐம்பத்தாறு. புதன் காலை பத்து மணிக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். சரிப்படாவிட்டால் மாணவர் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள். மாமாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

டயர் கடைக்கு ஓடினான். "அண்ணாச்சி, உங்க விழாவுக்கு வந்ததாலதான் லீவுன்னு ஒரு லெட்டர் தாங்க. இல்லன்னா ஊருக்கு அனுப்பிருவாங்களாம்."

"அனுப்பிருவாங்களா?" ராதாகிருஷ்ணன் உண்மையாகவே கலங்கிப்போனார். போனை எடுத்து வெளியே போய் யார் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "வழியனுப்பு விழா வெச்சிருவோம் லா. புதன் காலையில மண்டபம் கெடச்சிருச்சி."

"புதன் காலையிலதான் அண்ணாச்சி விசாரணை."

"அத தள்ளி வைக்கச் சொல்லு தம்பி. ஒய்பி டேட் குடுத்துட்டாரு, மாத்த முடியாது."

புதன்கிழமை விசாரணைக்குத்தான் போனான். பல்கலைக்கழக அதிகாரி குமுதா, அவன் கொண்டுபோன விழா அழைப்பிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பழைய இலக்கியத்தப் பத்திப் பேசப் போயி, பழைய இலக்கிய கிளாஸுக்கு வரல. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"காய்ச்சல்னா டாக்டர் லீவுக்கு எம்சி எழுதிக் குடுப்பாரு. இதுக்கு யாரு குடுப்பா?" கண்ணாடியைக் கழற்றினார். "மார்க் நல்லா இருக்கு, அதனால ஒரு செமஸ்டர் தரேன். ஒரு கிளாஸ் விட்டாலும் ஃபிளைட்தான்."

எல்லாம் முடிந்து மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்ததும் போனைப் பார்த்தான். ராதாகிருஷ்ணன் படம் அனுப்பியிருந்தார். மேடை நடுவில் ஒரு காலி நாற்காலி, அதற்கு மாலை, அதன் மேல் சிவப்பில் சரிகை வைத்த பொன்னாடை. பக்கத்தில் ஒய்பி கைகூப்பி நிற்கிறார்.

கீழே குரல் பதிவு. "நீ இல்லன்னாலும் விழா பிரமாதம் தம்பி. ஒய்பி உன்னப் பத்தி அர மணி நேரம் பேசுனாரு. பொன்னாட கடையில இருக்கு."

யுகேந்திரன் படத்தைப் பெரிதாக்கிச் சரிகையைப் பார்த்தான். இதுவரை வந்த பதினாறில் இவ்வளவு அகலக் கரை எதற்கும் இல்லை. நாளைக்கு வகுப்பு ஐந்து மணிக்கு முடியும், கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"அண்ணாச்சி, கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டு அனுப்பினான்.