மாமியார் குரலும் மருமகள் குரலும்

அச்சகத்தில் அவளைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கங்களை அடுக்கும் லேஅவுட் அண்ணன் வைத்த பெயர் அது. முதலில் கேட்டபோது கோபம் வந்தது. பிறகு யாராவது மறந்து அக்கா என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடும் அளவுக்குப் பழகிப்போனது.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. மற்றவர்கள் புரூஃப் பார்ப்பார்கள், அவள் புரூஃப் கேட்பாள். திரையில் உள்ளதைக் கணினி அவள் காதில் வாசிக்கும், பிழை வந்த இடத்தில் அவள் விரல் நிற்கும். பதினொரு வருடமாக இதுதான் வேலை. அதற்கு முன் ஏழு வருடம் அதே கட்டடத்தில் வாசலை ஒட்டிய மேசையில் டெலிபோன் எடுத்தாள். "வணக்கம், யார் வேணும்?" என்ற மூன்று சொல்லில் ஏழு வருடம் கரைந்தது. கண் தெரியாதவர் என்றால் டெலிபோன்தான் என்று எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ. அந்த மேசையிலிருந்து இந்த மேசைக்கு இருபது அடி தூரம்கூட இல்லை. அதைக் கடக்க அவள் கெஞ்சியது, சண்டை போட்டது, சும்மாவே ஆறு புத்தகம் திருத்திக் காட்டியது எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

தமிழில் காதுக்குச் சிக்காத பிழைகள் உண்டு. பணியையும் பனியையும், கறையையும் கரையையும் வாய் ஒன்றுபோலவே சொல்லும். அதனால் அவள் பழைய கணினியின் குரலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். டண்ணகரம் வந்தால் இரட்டித்துச் சொல், வல்லின றகரம் வந்தாலும் இரட்டித்துச் சொல். திரையில் 'பணி' என்று இருந்தால் குரல் 'பண்ணி' என்னும். 'கறை' என்று இருந்தால் 'கற்றை' என்னும். ஒருநாள் விளையாட்டாக ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்ட லேஅவுட் அண்ணன், 'தலைமையாசிரியரின் அரும்பண்ணி' என்று கேட்டதும் அதைக் கழற்றிவிட்டு, இது அச்சகமா பன்னிப்பட்டியா என்று கேட்டார்.

இப்படி ஆயிரத்து நானூறு விதிகள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தக் குரலுக்கு அவள் தங்கை வைத்த பெயர் மாமியார். கரகரவென்று தொணதொணக்கும், ஒரு குறையையும் விட்டு வைக்காது, ஆனால் பொய் மட்டும் சொல்லாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அனுப்பிவிட்டார்கள். அச்சகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே நாளில் மாறின. திங்கள் காலை அவள் உட்கார்ந்தபோது விசைப்பலகையின் ஓரங்கள் வேறாக இருந்தன. சேமிக்க அழுத்தும் இடத்தில் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த விசையைத் தொட்டால் எல்லாம் மூடிக்கொண்டது. கண் இல்லாதவளுக்கு விரல்தான் கண். அதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிடுங்கிவிட்டார்களே என்று நினைத்தாள்.

கணினி மாட்ட வந்தவர் நல்ல மனிதர்தான். உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா ஏத்திட்டேன், குரல்கூட முன்னைவிட இனிமையா இருக்கும் என்றார். அவள் தன் விதிகளைப் பற்றிக் கேட்டாள். அவை எந்த மூலையில் இருந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய மெஷின்களைத் துடைத்து அனுப்பியாகிவிட்டது.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலையேம்மா."

யாரும் கேட்கவும் இல்லை. புதிய கணினியில் அந்த விதிகளைத் திரும்பப் போடவும் வழியில்லை. முழுச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம், ஒரு எழுத்துக்கு என்று விதி போட முடியாது.

புதுக்குரல் தேனாக இருந்தது. மூச்சு விட்டு, நிறுத்தி, நிதானமாக வாசித்தது. ஒரு மருத்துவமனையின் ஐம்பதாம் ஆண்டு மலரை அதில் முதலில் கேட்டாள். பிழையே இல்லை என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு யோசித்தாள். இத்தனை பக்கத்தில் ஒன்றுமில்லாமல் எப்படி?

புதன்கிழமை மானேஜர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் வாரம் மூன்று நாள் அச்சகத்துக்கு வருவார். அவரிடம் அதே மலரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பதினேழு பிழைகள். 'மருத்துவப் பனி' மூன்று இடத்தில். 'கரை படியாத கைகள்' தலைப்பிலேயே. மானேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உங்க மேல தப்பில்லை. கொஞ்ச நாள் டெலிபோன்ல உட்காருங்களேன். இது பழகினதும் பார்த்துக்கலாம்."

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று ஏழு வருடம் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் குடுங்க சார். டீச்சர் கண்டுபிடிச்சது எதையும் சொல்லாதீங்க. மலரை மறுபடி முழுசா கேக்குறேன். முடியலைன்னா நானே போய் அங்க உட்கார்றேன்."

அவர் சரி என்றார். டீச்சரின் தாள் அவர் இழுப்பறைக்குள் போகும் சத்தம் கேட்டது.

அன்று மாலை தங்கையிடம் சொல்லி அழுதாள். தங்கை தையல்காரி. தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்தாயே, இந்த மருமகளுக்குச் சொல்ல முடியாதா என்றாள். இவள் சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் மறைக்கிறாள், சொன்னால் கேட்கவும் மாட்டாள் என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். மெஷின் நின்றது.

"துணி உடம்புக்குச் சேரலைன்னா உடம்பையா வெட்டுறோம்? துணியைத்தானே வெட்டுறோம். அவ வாயை விடு. அவளுக்குக் குடுக்குற புத்தகத்தை மாத்து."

வியாழன் காலை அதைத்தான் செய்தாள். மலரில் டண்ணகரமும் வல்லின றகரமும் வந்த இடத்தில் எல்லாம் அந்த எழுத்து இரட்டிக்கும்படி ஒரே கட்டளையில் மாற்றினாள். 'பணி' சரியாக இருந்த இடத்தில் தேன் குரல் நிறுத்தி நிதானமாக 'மருத்துவப் பண்ணி' என்று வாசித்தது. ஒரு பன்னியைக் கேட்டு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் விரல் தடுமாறியது. முன்பு ஒரு நாளில் முடிந்த வேலையை, சாப்பாட்டுக்குக்கூட எழாமல் இரண்டு நாள் செய்தாள். வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு இருபத்தாறு பிழைகள் திருத்தியாகியிருந்தன.

இனி இரட்டித்ததை ஒற்றையாக்க வேண்டும். கட்டளை கொடுத்தாள். மாமியாராக இருந்தால் இத்தனை இடம் மாற்றினேன் என்று எண்ணிக்கை சொல்லியிருப்பாள். மருமகள் வாயைத் திறக்கவில்லை. விசை சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று அவள் இன்னொரு முறை கொடுத்தாள். சேமித்தாள், மூடினாள். அனுப்புமுன் முதல் பக்கத்தை மட்டும் கேட்போமே என்று திறந்தாள்.

"வெறியின் ஐம்பது ஆண்டுகள்," என்றது குரல், அன்பாக.

இரண்டாவது முறை கொடுத்த கட்டளை இயல்பாகவே இரட்டித்திருந்த எழுத்துகளைத் தின்றுவிட்டது. வெற்றி வெறியாகிவிட்டது. தண்ணீர் தணீராகியிருந்தது. காற்று, கிண்ணம், எண்ணம், ஒன்றும் தப்பவில்லை. எது முன்பே ஒற்றை, எது இப்போது ஒற்றையானது என்று இனி எந்தக் கட்டளைக்கும் தெரியாது. பழக்கத்தில் விரல் பழைய இடத்துக்குப் போய்த் திரும்பப்பெறும் விசையை அழுத்தியது. அங்கே அந்த விசை இல்லை. இருந்தாலும் மூடித் திறந்த கோப்பில் திரும்பப்பெற ஒன்றுமில்லை.

நான்கு மணிக்கு மலர் அச்சுக்குப் போக வேண்டும். எழுந்து, சுவரைத் தொட்டபடி லேஅவுட் அண்ணன் மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர் கிண்டல் எதுவும் இல்லாமல் தன் கணினியில் எதையோ தேடினார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"திருத்தாத காப்பி என்கிட்ட இருக்கு. ரெண்டையும் வரி வரியா ஒப்பிட நேரம் கிடையாது. நீ திருத்துனது உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். ஒன்பதாம் பக்கம், செவிலியர் கட்டுரை, இரண்டாவது பத்தி, 'மனம் வீசும்', அது மணம். பதினான்காம் பக்கம், 'ஏறிக்கரை', அது ஏரி. கேட்ட வாக்கியங்கள் கேட்ட வரிசையிலேயே வந்தன. அவர் ம் என்பார், விசை தட்டும், அடுத்தது. இருபத்து நான்கு வரை வந்தது. மீதி இரண்டு வரவில்லை. முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாள். குனிந்து நெற்றியை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டாள். வரவில்லை.

"போதும் விடு," என்றார். "மணி நாலு."

மானேஜர் டீச்சரின் தாளை எடுத்து வைத்து ஒப்பிட்டார். பதினேழில் பதினாறு அவள் சொன்னதில் இருந்தன. டீச்சர் கண்ணுக்கே தப்பிய எட்டு கூடுதலாக இருந்தன. விட்டுப்போன இரண்டில் ஒன்று டீச்சர் தாளில் கிடைத்தது. மற்றொன்று அப்படியே அச்சுக்குப் போனது. அதை அவள் மானேஜரிடம் சொன்னாள். வெறி கதையையும் சொன்னாள். அண்ணன் சொல்லாதே என்று முழங்கையால் இடித்தும் சொன்னாள்.

பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் வந்தது.

"அடுத்தது ஒரு பள்ளிக்கூட மலர். இதே அளவு. எத்தனை நாள் வேணும்?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாள் என்றுதான் சொல்லி வந்தாள். இனி இரட்டித்து ஒருமுறை, வெறி போல எதுவும் தப்பாதபடி ஒற்றையாக்கி மறுபடி ஒருமுறை முழுசாகக் கேட்க வேண்டும், அதுவும் இந்த இரண்டு நாள் போலப் பட்டினி கிடக்காமல்.

"ஆறு நாள் சார்."

"ஆறு நாள்னா நான் டீச்சருக்கே குடுத்துடலாமேம்மா. மூணு?"

"அஞ்சு."

"நாலு," என்றார். "நாலுல முடியலைன்னா டெலிபோன்தான். அப்புறம் என்கிட்ட பேச வரக்கூடாது."

நாலு நாளில் முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்து, சேமிக்கும் விசை எங்கே இருக்கிறது என்று மறுபடி தடவத் தொடங்கினாள்.