குலம் கோத்துத் தந்த டியூப்கள்

செய்தி வந்தபோது நான் குலத்துக்குத் தெரியாமல் மீன் தூண்டிலில் கோக்கும் டியூப் ஒரு பைக்கற்று வாங்கிக்கொண்டிருந்தேன். தூண்டில் கடைக்குப் புதிதாய் வந்த நிறம், பாசிப் பச்சையில் மிளகுத்தூள் தூவியதுபோல. ஆஸ்பத்திரியில் இருக்கும் குலம் அடுத்த கிழமை எழும்பி வந்துவிடுவார், அதற்குள் அந்த நிறத்தை நான் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அப்போதுதான் அவருடைய மனைவி மாலாவின் அழைப்பு வந்தது. "நாதன் அண்ணை, இவர் போயிட்டார்." பைக்கற்றைக் கையில் பிடித்தபடியே வீதிக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் காசு கேட்டுப் பின்னால் ஓடிவந்து தோளில் தட்டினார்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு நல்லதாய் நாலு வரி எழுதித் தரும்படி மாலா கேட்டார். குலசிங்கம் நல்ல மனிதர் என்பது எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். ரூ காய் தெருவில் அவரைக் கண்டு நின்று கதைக்காத கடைக்காரர் இல்லை. ஆகவே உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். பதினைந்து வருடம் அவரோடு குளக்கரையில் நின்றவன் நான். அதில் முக்கால்வாசி நாள் அவர்மேல் பொறாமையில் வெந்துகொண்டு நின்றேன்.

முதலில் தூண்டில் பிடித்தவன் நான்தான், அவரல்ல. யுத்தம் முடிந்த 2009 கோடையில், ஊரிலிருந்து ஒரு தகவலும் வராமல் வீட்டுக்குள் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தபோது, மீன்பிடி அனுமதி அட்டை எடுத்துக்கொண்டு வல்துவாஸ் பக்கத்துக் குளமொன்றுக்குப் போகத் தொடங்கினேன். பெரிய வாயுள்ள பிளாக் பாஸ் மீன் அங்கே இருந்தது. அடுத்த வருடம் குலத்தைக் கூட்டிப்போனதும் நான்தான். டியூப் என்றால் என்னவென்று அவருக்குக் காட்டினேன். விரல் நீள மென்பிளாஸ்டிக் குழல், உள்ளே வெறுமை, ஒரு முனை மூடி, மற்ற முனை நார்நாராய்த் தொங்கும். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கணவாய்க் குஞ்செல்லோ" என்றார்.

அவர் சொன்னது ஒருபுறம் இருக்கட்டும், அவருடைய மனைவி அதை மெய்யாகவே நம்பிவிட்டார். குலம் தன் முதல் பைக்கற்றைப் பிரித்து, கழுவுவதற்காகக் குசினியில் ஒரு கோப்பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். மாலா அதற்கு உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வைத்துவிட்டார். வெங்காயமும் வெட்டியாயிற்றாம். எத்தனை தரம் கழுவியும் மஞ்சள் போகவில்லை. நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்த ஞாயிறு மழை பெய்து குளம் கலங்கிக் கிடந்தது. என்னுடைய பச்சை டியூபை ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மஞ்சள் டியூபில், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு பாஸ் வந்தது. அன்றோடு என் சிரிப்பு நின்றது.

"தண்ணியைப் பார்த்து நிறத்தை எடும் நாதன், கடையைப் பார்த்து எடாதையும்." இதை அவர் எனக்குச் சொன்னது அந்த வருடம்தான். தூண்டில் பிடித்து எட்டு மாதமான மனிதர் எனக்குச் சொல்கிறார். தண்ணீர் தெளிவாயிருந்தால் பாசி நிறம், கலங்கியிருந்தால் கடும் நிறம், வெயில் எறித்தால் புகை நிறம் என்று பிறகு விரித்தும் சொன்னார். எல்லாம் சரியாய் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நிறத்தையாவது பார்த்துப் பழகலாம், கோக்கிற கலை அப்படியில்லை. ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை, எங்கள் பேச்சில் கொழுக்கியை, டியூபின் திறந்த வாயால் உள்ளே விட்டு, மூக்குவரை தள்ளி, தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தை மேலே எட்டிப்பார்க்கச் செய்யவேண்டும். கொழுக்கி முனை முதுகில் வெளியே வரவேண்டும். தலை நடுவில் இருந்தால் டியூப் சுழன்று சுழன்று கீழே இறங்கும், அந்த இறக்கத்தில்தான் பாஸ் கடிக்கும். மயிரிழை கோணினால் கல்லைப்போல விழும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகமொன்றில் இருபது வருடமாய்க் கணவாய் துப்புரவாக்கியவர் குலம். பெருவிரலை உள்ளே விட்டுக் கணவாய் ஓடு உருவுகிற அந்தக் கை, டியூபையும் அப்படியே கையாண்டது. நானோ காப்புறுதி அலுவலகத்தில் விசைப்பலகை தட்டுகிறவன். எனக்கு மூன்றுக்கு இரண்டு கிழியும்.

"எனக்கும் இந்தக் கோக்கிறதைக் காட்டித் தாருமன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

"ஏன் உதைக் கிழிக்கிறீர், இஞ்சை கொண்டாரும்" என்பார். வாங்குவார், உதட்டில் வைத்து ஈரமாக்குவார், இரண்டு நொடியில் கோத்து நீட்டுவார். காட்டித் தரமாட்டார். இரண்டு முறை அவருக்குச் சொல்லாமல் தனியே போய்ப் பார்த்தேன். என் கோணல் டியூப்களைப் பார்க்க எனக்கே வெட்கமாய் இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் என் பையைத் திறந்து, கிழிந்தவற்றைக் கண்டு, மூடி வைத்தார். வித்தையை ஒளிக்கிற ஆள் என்று அன்று முடிவுகட்டினேன்.

பிறகு மதன் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, எபினேயில் வீடு. ரூ காய் சாப்பாட்டுக் கடையில் குலத்தோடு பழக்கமாகி, ஒருநாள் குளத்துக்கும் வந்துவிட்டார். நான் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது இருவரும் புல்லில் இருந்தார்கள். குலம் மதனின் விரலைப் பிடித்து டியூபுக்குள் விட்டு, "இதிலை நிப்பாட்டும், இப்ப மெல்லமாய்த் திருப்பும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயுமுன் மதன் ஐந்து டியூபை ஒரு கீறலும் இல்லாமல் கோத்துவிட்டார்.

"ஒரே மத்தியானத்துல கத்துக்கொடுத்துட்டாருண்ணே" என்றார் என்னிடம், சந்தோஷமாய்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பத்து வருடம் கேட்டவன் நான். மூன்று ஞாயிறு சளி, தடிமன் என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தேன். நாலாவது ஞாயிறு, சார்செலில் என் வீட்டுக் கதவு தட்டுப்பட்டது. தூண்டிலோடு குலம் நின்றார். "தடிமன் மாறிட்டுதோ?" என்றார். ஓம் என்றேன். இருவரும் ரயிலேறினோம். அன்றும் எனக்கு அவர்தான் கோத்துத் தந்தார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்தார்கள். கணவாய்க் கறி நடுவில் இருந்தது. படையல் முடிந்ததும் மாலா உள்ளே போய் இரண்டு சாமான் கொண்டுவந்தார். குலத்தின் தூண்டில் பெட்டியை, அத்தனை நிறமும் ஈயத் தலைகளும் அடுக்கியபடி, மதனிடம் கொடுத்தார். என்னிடம் ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பா. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இறந்த வீட்டில் நின்றுகொண்டு எனக்குக் கோபம் வந்தது. பெட்டி அவனுக்கு, டப்பா எனக்கா என்று நினைத்தேன்.

திறந்தேன். ஏழு டியூப்கள், எல்லாம் கோத்து ஆயத்தமாய் இருந்தன. கொழுக்கி முனைகளில் தக்கைத் துண்டு குத்தியிருந்தது.

"ஆஸ்பத்திரியிலை கட்டிலிலை இருந்து கோத்தவர்" என்றார் மாலா. "கை நடுங்கினது. ஒரு நாளைக்கு ஒண்டுதான் ஏலும். 'நான் திரும்பி வருமட்டும் நாதனுக்கு இது காணும்' எண்டவர்."

டப்பாவை மூடினேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மதனுக்குக் காட்டிக் குடுத்தவர், எனக்கு ஏன் கடைசிவரைக்கும் காட்டேல்லை?"

மாலா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீங்கள் கேக்கிற ஒவ்வொருக்காலும் வீட்டை வந்து சொல்லிச் சிரிப்பார். 'மதனுக்குப் பழக்கலாம், அந்தப் பெடியன் வந்தாலும் சரி போனாலும் சரி. நாதனுக்குப் பழக்கினா அந்தாள் தன்ரபாட்டிலை தனியப் போயிடும். பேந்து நான் ஆரோடை போறது?' எண்டு."

அவர் வீட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் போன அன்று வாங்கிய பைக்கற்றில் இதுவரை ஆறைக் கிழித்துவிட்டேன். இனிமேல் பழகுவேனோ தெரியாது. போன ஞாயிறு குளக்கரையில் மதன் டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஒன்னே ஒன்னு தாங்கண்ணே, ஞாபகமா வச்சுக்கிறேன்" என்று கேட்டார். நல்ல பிள்ளை. பெட்டி அவரிடம் இருக்கிறது, நிறங்கள் இருக்கின்றன, விரலில் வித்தையும் இருக்கிறது. இந்த ஏழும் எனக்குக் கோத்தவை.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.