இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வட்டவடைக்கு

போன கோடை விடுமுறையில் என் கணவரின் நண்பர் ஒருவர் தன் வேனை எங்களுக்கு நான்கு நாள் கொடுத்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தார். பின்கதவில் இரண்டு சைக்கிள்கள் மாட்டுவதற்கு ஒரு ஸ்டாண்டு. ஒன்று கணவருடையது. மற்றது பதினைந்து வயதாகும் எங்கள் மகளுடையது, புதியது.

பழையது லாரிக்கு அடியில் போயிற்று. கஞ்சிக்கோட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வெளியே, மழை விட்ட ஒரு சாயங்காலம், என்னைக் கூட்டிப்போக வந்து நின்றிருந்தாள். ரிவர்ஸில் வந்த லாரி அவளைக் கவனிக்கவில்லை. அவள் குதித்துவிட்டாள். தோள்பட்டை எலும்பில் விரிசல், அவ்வளவுதான். ஆனால் நான் வெளியே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த சைக்கிள். லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போக எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாது. கனவில் இன்னும் நடக்கிறேன்.

மலைமேல் இருக்கும் வட்டவடையில் வேன் நிற்கப்போகும் மேட்டிலிருந்து கீழே ஊர்வரை தனியாகச் சைக்கிளில் போகவேண்டும் என்பது மகளின் ஆசை. புதுச் சைக்கிள் வந்து ஏழு மாதமாகியும் எங்கள் சந்து முனையைத் தாண்ட நான் அவளை விட்டதில்லை. கணவர் சம்மதித்துவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கயிறு எடுத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டோடு நல்ல பெல்ட்டுகள் கொடுத்திருந்தார்கள். எனக்கு அவை போதவில்லை. தொழிற்சாலையில் என் வேலையே லாரிகளில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பதுதான். பதினெட்டு வருடமாகக் கயிறு கட்டுவதைப் பார்த்து, நானும் கட்டப் பழகியவள். கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, நுனியை அதன் வழியே திருப்பி, காலை ஊன்றி இழுத்தால் இரும்புத் தகடுகூட அசையாது. அப்படித்தான் கட்டினேன்.

"ஏம்புள்ள, சைக்கிளுக்கு மூச்சு முட்டப்போவுது" என்றார் கணவர்.

"நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க. இத நான் பாத்துக்கறனுங்க."

உடுமலையில் டீ குடிக்க நின்றபோது இன்னொரு சுற்று இறுக்கினேன். மறையூரில் இன்னொன்று. மலைப்பாதை முழுக்கப் பின்கண்ணாடி வழியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் எனக்கு வாந்தி வந்தது. வட்டவடைக்கு முன்னால் வரும் காட்டில் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. அங்கே பார்த்துப் பின்னால் ஏதோ தட்டும் சத்தம்.

"நிறுத்துங்க."

"யானை நிக்கிற காட்டுல நிறுத்தி, நீ எறங்கிக் கயிறு கட்டறயா?"

மகள் சிரித்தாள். "கட்டுவாங்கப்பா. யானையையும் சேத்திக் கட்டிப்போடுவாங்க."

மேட்டில் வேனை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் நின்றது. நான் முடிச்சுகளோடு மல்லுக்கட்டுவதை அதன் டிரைவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார். ஐம்பது வயதிருக்கும்.

"என்னக்கா, சைக்கிளக் கட்டியிருக்கீகளா, காளமாட்டக் கட்டியிருக்கீகளா?"

கூட வந்து நகத்தால் நெம்பி இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தார். மகளின் சைக்கிளைக் கீழே இறக்கியதும், டிரைவர்களின் பழக்கம் என்று நினைக்கிறேன், பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் முழுக்கப் போய் ஒட்டிக்கொண்டது. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். நான் போட்ட கயிறு பிரேக் கம்பியின் மேலேயே போயிருந்தது. இறுக்க இறுக்க அது கம்பியை இழுத்து, கொக்கியிலிருந்து கழற்றிவிட்டிருந்தது.

"பாப்பா இதுல எறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒண்ணுமில்லக்கா. மாட்டிறலாம்."

நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்கும் சாலை என் கண்ணுக்குத் தெரிந்தது. அடுக்கடுக்கான முட்டைக்கோஸ் பாத்திகள், அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை, ஒரு பக்கம் தடுப்பே இல்லை. இதில் முன்பிரேக் இல்லாமல் அவளை அனுப்பியிருப்பேன். அவள் பத்திரத்துக்காக நான் செய்த ஒரே காரியம் அந்தக் கட்டு.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு இழுத்துத் தோல் சிவந்திருந்தது.

"எரியுதா?"

"இல்ல."

"பொய்யி."

டிரைவர் ஜீப்பிலிருந்து ஒரு குறடு எடுத்துவந்து கம்பியை நேராக்கி, கொக்கியில் மாட்டி, சைக்கிளை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். "நீங்களே அமுக்கிப் பாருங்க." அழுத்தினேன். பிடித்தது. முன்னால் தள்ளி அழுத்தினேன். மறுபடியும். பின்பிரேக்கையும் பார்த்தேன். மகள் ஹெல்மெட் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தாள். நான் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கையெடு."

எடுத்தேன்.

முதல் வளைவுவரை மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. இரண்டாவதில் மறைந்துவிட்டது. சற்று நேரம் நின்றேன். பிறகு இறங்க ஆரம்பித்தேன்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"சும்மா."

"சும்மா போறவங்க ஓடுவாங்களா?"

நான்காவது வளைவில் அவள் எதிரே வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு.

"டீக்கடை வரைக்கும் போயிட்டேன்மா! ஏறத்தான் முடியல. நீ தள்ளறயா?"

நான் வாங்கித் தள்ளினேன். அவள் பக்கத்தில் கைவீசி நடந்தாள். டீக்கடையில் ஒரு பாட்டி எந்த ஊர் என்று கேட்டதையும், ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்ததையும், வளைவில் பின்பிரேக்கை முதலில் பிடிக்கவேண்டும் என்று தானே கண்டுபிடித்ததையும் மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே வந்தாள். தோள் அடிபட்ட பிறகு அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசவிடாமல் நான்தான் "பாத்துப் போ, பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது அதைச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. ஏற்றம் அப்படி.

"நாளைக்கும் போகட்டுமா? அந்தப் பக்கத்து ரோட்டுல?"

அந்தப் பக்கத்து ரோடு இதைவிடச் செங்குத்து. சரி என்று சொல்ல எனக்கு இரண்டு வளைவுகள் ஆயின. அதுவரை அவள் இன்னொரு முறை கேட்காமல், சைக்கிளின் பின்சீட்டில் ஒரு கை கொடுத்து என்னோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தாள்.