சித்திக்கு அலுக்காத விளையாட்டு

சிங்கப்பூரிலிருந்து மாமா வருகிறார் என்றால் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் அவரவருக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். அப்பாவுக்குத் தலைவலித் தைலம், அம்மாவுக்குக் கசங்காத புடவை, அண்ணனுக்கும் எனக்கும் சாக்லேட். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் அவர் சாக்லேட்டை மறந்துவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். டி.வி. பார்க்கவே பக்கத்து பிளாக்குக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

விளையாட்டு இதுதான். திரைக்குள் ஒரு வீடு, அதன் கூரை ஒழுகுகிறது. கீழே வாளியோடு ஒரு குட்டி ஆள். இந்தப் பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் ஓடுவான், அந்தப் பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம். சொட்டை வாளியில் பிடித்தால் ‘டிக்’ என்று சத்தம் வரும், தவறவிட்டால் ‘பீப்’ என்று அலறும். மூன்று சொட்டு தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஐப்பசி பொறந்தா நம்ம ஊரு வீட்ல செய்ற வேலைதானடா இது? இதையா துட்டு குடுத்து வாங்கிட்டு வந்த?” என்று தன் தம்பியான மாமாவைக் கேட்டாள்.

முதல் வாரம் அண்ணனும் நானும் அதற்காக அடித்துக்கொண்டோம். அடுத்த வாரம் தெருப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து அதிகாரம் செய்தோம். அதற்கடுத்த வாரம் பெட்டி ஷோகேஸில் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதே கூரை, அதே சொட்டு. எத்தனை நாள்தான் பிடிப்பது?

அங்கிருந்துதான் சித்தி அதை எடுத்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து எங்களோடு வந்து இருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆன மாப்பிள்ளை பார்க்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது பால்காரருக்குக்கூடத் தெரியும். அதற்குள் இரண்டு வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது என்றுகூட ஒரு கடிதம் வரவில்லை.

மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். ‘டிக், டிக், டிக்’ என்று வீடெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். மாதங்கள் ஓடின. கடிகாரக் கடையில் போய்ப் பெட்டிக்குப் புது செல் போட்டுக்கொண்டு வந்தாள். “உன் தங்கச்சிய அந்த வாளிக்காரனுக்கே கட்டி வச்சிரலாம்போல” என்று அப்பா கேலி செய்வார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த எதிர்வீட்டு அக்கா, “இன்னாம்மா, எந்நேரமும் அதையே நோண்டிக்கினு கீறியே, கண்ணு என்னாத்துக்கு ஆவும்?” என்பார். சித்தி சிரிப்பாள். கை மட்டும் நிற்காது.

“உனக்கு அலுக்கவே இல்லையா சித்தி?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“நேத்து ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணா விழுந்துச்சு. எத மொதல்ல பிடிக்கணும்னு இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய நாளில்கூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

அந்த நிலைமையில்தான் மூன்றாவது மாப்பிள்ளை வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, அக்காவின் பையன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான், நாலு பிளாக் தள்ளிக் குடியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை. நல்ல பையன் என்று அப்பாவே தேடிக் கொண்டுவந்த இடம். இதுவும் தட்டிப்போனால் சித்தியை ஊருக்கே அனுப்பிவிடும்படி தாத்தா எழுதியிருந்தார். ஊரில் வேறென்ன பேச்சு கிளம்பும் என்ற பயம் அம்மாவுக்கு.

சித்தி காபி கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து பாயில் உட்கார்ந்தாள். வந்த பையன் வீட்டுக்குப் போகலாம் என்று சிணுங்கத் தொடங்கினான். அவன் வாயை அடைக்க அம்மா விளையாட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா, “சமையல்லாம் தெரியுமாம்மா?” என்று கேட்டார். மூலையிலிருந்து ‘பீப்’. “தையல் படிச்சிருக்கியாமே?” ‘பீப்’. பையன் சொட்டுகளைத் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தான். மடியில் இருந்த சித்தியின் கட்டைவிரல்கள் தானாகத் துடிப்பதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு முட்டியது.

“எடது பக்கம் போடா!” என்றாள் சித்தி, சத்தமாக.

எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பையனிடமிருந்து பெட்டியை வாங்கி ஆடிப் பார்த்தார். மூச்சு விடுவதற்குள் மூன்று சொட்டும் விழுந்தன. “இதுல அப்படி என்னங்க இருக்கு? செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யணும். அலுத்துப் போவாதா?” என்று சித்தியைப் பார்த்தே கேட்டார்.

சித்தி தலையை நிமிர்த்தினாள். “இதுல தோத்தா எங்க தப்பு பண்ணோம்னு தெரியுதுங்க. அடுத்த தடவை திருத்திக்கலாம். அதான் திரும்ப ஆடத் தோணுது.”

அம்மா அவசரமாக எழுந்து கேசரி கொண்டுவந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை இன்னொரு தரம் திரும்பிச் சித்தியைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை நிச்சயம் என்று அண்ணன் என் காதில் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. சித்தி என்றால் எனக்கு உயிர். அவளை நாலு பிளாக் தள்ளிக்கூட அனுப்ப எனக்கு மனசில்லை.

ஒரு வாரம் போனது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் அடுப்படிப் பக்கம் போனார். “அமையலைன்னுட்டாங்க” என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்திதான் வெளியே வந்தாள்.

“காரணம் என்ன சொன்னாங்க அத்தான்?”

“அதெல்லாம் யாரும்மா சொல்றா.”

“நான் அன்னைக்கு வாய் தொறந்து பேசினதா?”

“அது இல்லவே இல்லைன்னு மாப்பிள்ளையே சத்தியமா சொல்றான். பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லையாம்.”

“அப்ப எதுன்னு சொல்லச் சொல்லுங்க அத்தான். எதுன்னாலும் பரவால்ல.”

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தாத்தாவின் கடிதம் பற்றி அப்போது தெரியாததால், சித்தி எங்களோடுதான் இருக்கப்போகிறாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அவளைக் குஷிப்படுத்துவதற்காக ஷோகேஸிலிருந்து பெட்டியை எடுத்துவந்து மடியில் வைத்தேன். “ஆடு சித்தி” என்றேன். அவள் அதை என் கையிலேயே திருப்பி வைத்து, “நீ ஆடு, நான் பாக்குறேன்” என்றாள். ஆடினேன். அன்று எனக்கு ஒரு சொட்டுகூடத் தவறவில்லை. அதுவரை எட்டாத புள்ளிகளைத் தாண்டி, “பாரு சித்தி, பாரு!” என்று கத்திக்கொண்டு திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் தலையில் கைவைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் துள்ளிக் குதித்து அடுப்படிக்கு ஓடினேன். “அம்மா, சித்திக்கும் அந்த விளையாட்டு அலுத்துப்போச்சு!” என்று, பெரிய செய்தி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னேன்.